அடிக்குறிப்பில் இருக்கும் அப்பப்பா

அன்பு மகளுக்கு,

வாசலடியில் உன் இரண்டு பெட்டிகளும் நிற்கின்றன. அம்மா ஒன்றைத் திறந்து மிளகாய்த்தூள் பொதியை உள்ளே வைக்கிறாள். நீ வந்து அதை எடுத்து வெளியே வைக்கிறாய். நீ குளிக்கப் போனதும் அவள் திரும்பவும் வைக்கிறாள். "ஜெனீவாவிலை தமிழ்க் கடை இல்லையோ?" என்று கேட்டேன். "கடை இருக்கும். என்ரை தூள் இருக்குமோ?" என்றாள். அந்த வழக்கில் நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. அறைக்குள் வந்து உட்கார்ந்து இதை எழுதத் தொடங்கிவிட்டேன். நீ சனிக்கிழமைப் பள்ளியில் படித்த தமிழ் இதை வாசிக்கப் போதும். விளங்காத சொல் வந்தால் அம்மாவுக்கு அழைத்துக் கேள். என்னிடம் கேட்டால் நான் வெட்கப்பட்டு வேறு கதை சொல்லிவிடுவேன்.

இந்தக் குளிர்காலம் நம் வீட்டில் நடந்ததில் பாதி உன் கண் முன்னால் நடந்தது. மற்றப் பாதி எனக்குள் நடந்தது. அதை நீ தெரிந்துகொண்டு போக வேண்டும் என்று விரும்புகிறேன். உலகத்து மனிதர்கள் எவ்வளவு காலம் வாழ்கிறார்கள், ஏன் சிலர் முந்திப் போகிறார்கள் என்று கணக்குப் பார்க்கும் ஒரு பெரிய அலுவலகத்துக்கு நீ வேலைக்குப் போகிறாய். அந்தக் கணக்கு ஒரு வீட்டுக்குள் வந்து என்ன செய்யும் என்று உன் அப்பன் சொன்னால் உனக்கு உதவலாம்.

உன் படிப்பு என்னவென்று எனக்கு நெடுநாள் விளங்கவில்லை. ஆட்கள் கேட்டால், பிள்ளை சுகாதாரப் பக்கம் ஏதோ கணக்குப் பார்க்கிறாள் என்று சொல்லிச் சமாளிப்பேன். நீ ஜெனீவா வேலைக்கு விண்ணப்பித்த கிழமைதான், சாப்பாட்டு மேசையில் வைத்து அம்மா நேராகக் கேட்டாள். "ஒரு நாடு முன்னேறின நாடு எண்டு எப்பிடிப் பிள்ளை அளக்கிறது? காசைப் பாத்தோ?" நீ புட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு விரல்களை மடக்கினாய். பிறக்கிற பிள்ளை எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும், எவ்வளவு காலம் படிக்கும், ஆட்களின் வருமானம் என்ன, இந்த மூன்றையும் சேர்த்து ஓர் இலக்கமாக்குவார்கள் என்றாய். அப்படிப் பார்த்தால் நாங்கள் இருக்கும் இந்த நோர்வே உலகத்தின் உச்சிக்குப் பக்கத்தில் நிற்கும் என்றாய். நாங்கள் விட்டு வந்த தீவு காசில் கீழே இருந்த காலத்திலேயே ஆயுளில் நன்றாக மேலே நின்றதாம். இலவச ஆஸ்பத்திரியும், ஊருக்கு ஊர் இருந்த மருத்துவிச்சிமாரும், பெண்பிள்ளைகளைப் பள்ளிக்கு விட்டதும்தான் காரணம் என்று பல்கலைக்கழகங்களில் பாடமே நடத்துகிறார்களாம். எனக்குப் பெருமையாக இருந்தது. அம்மாவுக்கு இருக்கவில்லை. திருகோணமலையில் சண்டைக்குள் வளர்ந்தவள் அவள். "சண்டை நேரம் எங்கட வீட்டுப் பக்கம் ஒருதரும் வந்து எண்ணேல்லையே," என்றாள். "ஓம் அம்மா. அந்த நேரத்துக் கணக்கெடுப்புகள் சிலதிலை வடக்கையும் கிழக்கையும் விட்டுட்டுத்தான் எண்ணியிருக்கினம். அட்டவணைக்குக் கீழை சின்ன எழுத்திலை ஒரு குறிப்பு இருக்கும்," என்றாய். அம்மா உன் கோப்பையில் இன்னும் கொஞ்சம் புட்டு வைத்தாள்.

நான் நோர்வேயின் பக்கம் நின்று வாதாடினேன். உச்சியில் நிற்கிற நாட்டில் இருக்கிறோம், பிறகு என்ன குறை என்றேன். "ஸ்னித் அப்பா, உது ஸ்னித்!" என்று நீ தலையில் கை வைத்தாய். சராசரி என்ற சொல் உனக்கு நோர்வேஜிய மொழியில்தான் வாயில் வரும். பிறகு நீ சொன்ன உதாரணத்தை நான் மறக்கவில்லை. "நீங்கள் சமைக்கிற முதியோர் இல்லத்திலை நூறு வயசிலை ஒரு அம்மா செத்தவ. எங்கட பிளாக்கிலை போன வருசம் ஐம்பது வயசிலை ஒருத்தர் மாரடைச்சுச் செத்தவர். ரெண்டு பேருக்கும் ஸ்னித் எடுத்தா எழுபத்தைஞ்சு. ஆனா எழுபத்தைஞ்சு வயசிலை அங்கை ஒருதரும் சாகேல்லை." இந்த நகரத்துக்குள்ளேயே நாங்கள் இருக்கும் கிழக்குப் பக்கத்தில் பிறக்கிற பிள்ளைக்கும் மேற்குப் பக்கத்தில் பிறக்கிற பிள்ளைக்கும் இடையில் ஆயுள் பல வருடங்கள் வித்தியாசப்படும் என்று, ஆயுள் குறைந்த பக்கங்களைச் சிவப்பாகத் தீட்டி உன் ஆய்வுக்கு நீ செய்த வரைபடத்தைக் காட்டி அன்றுதான் சொன்னாய்.

அது எனக்குப் புதிய செய்தி என்று சொல்ல முடியாது. நம் வீடு இருக்கும் எல்லிங்ஸ்ருட்டில் நிலக்கீழ் ரயிலில் ஏறி, அதே ரயிலில் நகரத்தைக் குறுக்கே கடந்து மேற்கில் இறங்கி வேலைக்குப் போகிறவன் நான். நான் சமைத்துக் கொடுக்கும் சூப்பைக் குடிக்கிற ஆட்கள் தொண்ணூறு வயதில் பத்திரிகை வாசிக்கிறார்கள், உப்புக் குறைவு என்று சண்டை பிடிக்கிறார்கள். ஏன் என்று நானும் யோசித்து ஒரு முடிவுக்கு வந்திருந்தேன். "அவை சின்னனிலை இருந்து பனியிலை சறுக்குகினம், மீனெண்ணெய் குடிக்கினம். எங்கட சனம் சோத்தைத் திண்டுட்டு சோபாவிலை இருக்குது," என்றேன். நீ சிரித்தாய், ஆனால் என்னைச் சின்னவனாக்கவில்லை. "சரியப்பா, அதுவும் இருக்கு. ஆனா ஒரு படி பின்னாலை போய்க் கேளுங்கோ. சறுக்கப் போறதுக்கு ஆருக்கு நேரம் இருக்கு? விடியக் காலமை ஒரு வேலை, பின்னேரம் இன்னொரு வேலை எண்டு ஓடுறவருக்கோ? அதுக்கும் பின்னாலை போனா, அவருக்கு ஏன் ரெண்டு வேலை வேண்டியிருக்கு?" இப்படி ஏன், ஏன் என்று நீ பின்னால் நடந்துகொண்டே போனாய். படிப்பு, வீடு, வேலை, தன் வேலையில் தனக்கு எவ்வளவு சொல் இருக்கிறது என்பது வரை போனாய். இது அடிமட்டத்தில் இருப்பவர்களின் பிரச்சினை மட்டும் இல்லை, ஏணியின் ஒவ்வொரு படியிலும் உள்ளவன் தனக்கு மேற்படியில் இருப்பவனை விடக் கொஞ்சம் முந்திப் போகிறான் என்றாய். அன்றைக்கு எனக்கு உன் கதை பிடித்திருந்தது. அது மற்றவர்களைப் பற்றிய கதையாக இருந்ததால் பிடித்தது என்று இப்போது தெரிகிறது.

மார்கழியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ வந்தபோது, குளியலறை அலுமாரியில் துவாய் எடுக்கப் போய், அதற்குக் கீழே இருந்த உறையைக் கண்டாய். ஐம்பத்தைந்து வயதிலிருந்து எல்லோருக்கும் அரசாங்கம் அனுப்பும் உறை. உள்ளே ஒரு சின்னக் குழாயும் குச்சியும் இருக்கும். வீட்டிலேயே கொஞ்சம் மலத்தை எடுத்து அந்தக் குழாயில் போட்டுத் தபாலில் அனுப்பினால், கண்ணுக்குத் தெரியாத இரத்தம் அதில் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இருந்தால் குடலுக்குள் கமரா விட்டு, புற்றுநோய் தொடங்குகிறதா என்று தேடுவார்கள். என்னுடைய உறை பிரிக்கப்படாமல் இருந்தது. நீ அதைப் பிடித்தபடி குசினிக்குள் வந்தாய்.

"அப்பா, இது எப்ப வந்தது?"

"வந்து கிடக்குது."

"ஏன் அனுப்பேல்லை?"

"அனுப்புவம். எனக்கு ஒரு வருத்தமும் நோவும் இல்லையே, என்ன அவசரம்?"

நீ கதிரையை இழுத்து என் முன்னால் உட்கார்ந்தாய். "நான் ஒவ்வொரு நாளும் இந்த ஆக்களைப் பற்றித்தான் எழுதிறன். கிழக்கிலை ஏன் கனபேர் இதைத் திருப்பி அனுப்பினமில்லை எண்டு. மொழி விளங்கேல்லை, வெக்கம், நேரமில்லை எண்டு பிரிச்சுப் பிரிச்சு வைச்சிருக்கிறன். நீங்கள் எதுக்குள்ளை வாறியள் அப்பா?"

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "என்னை உன்ரை பெட்டி ஒண்டுக்குள்ளையும் போடாதை. மொழி விளங்காமலோ நான் இவ்வளவு காலம் இஞ்சை வேலை செய்தனான்? நாங்கள் இருக்கிற இடத்தை வரைபடத்திலை சிவப்பாத் தீட்டி ஊருக்கெல்லாம் காட்டுறாய். உந்தச் சிவப்புக்குள்ளைதான் நீ வளந்தனீ!"

"அதாலைதானப்பா காட்டுறன்," என்றாய். குரல் உயரவில்லை. மேலங்கியை மாட்டிக்கொண்டு போய்விட்டாய். சாப்பாடு அப்படியே இருந்தது.

நீ போன பிறகு அம்மா என்னை ஏசுவாள் என்று நினைத்தேன். ஏசவில்லை. மேசையைத் துடைத்துக்கொண்டே சொன்னாள்: "அவள் கோவிச்சுக்கொண்டு போகேல்லை. பயந்துபோய்ப் போறாள். நாள் முழுக்க உந்த வருத்தத்தையே எண்ணிக்கொண்டிருக்கிற பிள்ளை." பிறகு உறையை எடுத்து என் முன்னால் வைத்தாள். "நான் பார்னஹாகெயிலை ஒரு நாளைக்கு எத்தினை பிள்ளையளைக் கழுவிறன் எண்டு தெரியுமோ? உங்களுக்கு உங்கட சொந்தத்தைத் தொட இவ்வளவு கஷ்டமோ?" பாலர் பள்ளியில் வேலை செய்கிறவளுக்கு இந்த விடயத்தில் கூச்சம் என்ற ஒன்று கிடையாது. அடுத்த நாள் காலையில் நான் அந்த வேலையை முடித்தேன். ரயிலேறப் போகும் வழியில் தபால் பெட்டிக்குள் போட்டேன். பிள்ளை பயப்படுகிறாள் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் போட்டேன்.

இரத்தம் இருக்கிறது என்று மறுமொழி வந்தது. பயப்பட வேண்டாம், பலருக்கு இது சாதாரண காரணத்தால் வரும், ஆனாலும் மருத்துவமனைக்கு வந்து சோதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். அம்மாதான் உனக்கு அழைத்துச் சொன்னாள். நீ ஒவ்வொரு மாலையும் வரத் தொடங்கினாய். ஏதோ சாட்டுச் சொல்லிக்கொண்டு வருவாய்: கடைக்கு வந்தனான், இந்தப் பக்கம் அலுவல் இருந்தது. ஜெனீவாவிலிருந்து உனக்கு வேலை கிடைத்துவிட்டது என்பதையும், நீ அதை வேண்டாம் என்று எழுதப் போகிறாய் என்பதையும் நான் உன் வாயால் அறியவில்லை. நீ அம்மாவிடம் மெல்லச் சொன்னது குசினிச் சுவரைத் தாண்டி எனக்குக் கேட்டது. அன்றைக்கு நான் உண்மையாகவே பயந்தேன். எனக்கு வருத்தம் வருவது ஒரு பக்கம், என் வருத்தம் உன் வாழ்க்கையின் பாதையைத் திருப்புவது இன்னொரு பக்கம்.

சோதனைக்கு முதல் நாள் குடலைக் கழுவுவதற்கு ஒரு மருந்துத் தண்ணீர் குடிக்க வேண்டும். அந்தத் தண்ணீரின் குணத்தை நான் இங்கே எழுத மாட்டேன், நீயே சாட்சி. பின்னேரம் முழுக்க நான் குளியலறையை விட்டு வெளியே வரவில்லை. நீ கதவுக்கு வெளியே தரையில், சுவரோடு சாய்ந்து இருந்தாய். "இன்னும் ஒரு கிளாஸ் இருக்குதப்பா," என்று இடைக்கிடை குரல் கொடுப்பாய். அப்படியே ஒரு தரம், சும்மா கேட்பது போல, "அப்பப்பா எதாலை செத்தவர்?" என்று கேட்டாய்.

உன்னுடைய முகம் எனக்குத் தெரியவில்லை, என்னுடையது உனக்குத் தெரியவில்லை. அதனால்தான் சொல்ல முடிந்தது என்று நினைக்கிறேன். நான் இருபது வயதுப் பொடியனாக நோர்வேயின் வடக்கு முனையில் மீன் தொழிற்சாலையில் கொட்மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது என் அப்பா, உன் அப்பப்பா, செத்துப்போனார். செய்தி எனக்குக் கிடைத்தபோது எல்லாக் கிரியைகளும் முடிந்துவிட்டன. வயிற்று வருத்தம் என்று மட்டும்தான் சொன்னார்கள். ஊரில் சண்டை. பெரியாஸ்பத்திரிக்குப் போகிற பாதை மூடிக் கிடந்தது. அவருக்கு அப்போது இப்போதைய என் வயதுதான், சில வேளை குறைவாகக்கூட இருக்கும். "அந்த உறை வந்தண்டு எனக்கு அவரின்ரை வயிறுதான் நினைவு வந்தது. திறந்து பாத்தா எனக்கும் அதுதான் எண்டு எழுதிக் கிடக்கும் போலை இருந்தது. அதாலைதான் பிள்ளை வைச்சனான்," என்றேன்.

வெளியே மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. "என்ரை பெட்டியளுக்குள்ளை பயம் எண்டு ஒண்டை நான் வைக்கேல்லையப்பா," என்றாய். சற்றுப் பொறுத்து, "அப்பப்பா எந்த அட்டவணையிலும் இல்லை. அந்தச் சின்ன எழுத்துக் குறிப்புக்குள்ளைதான் இருக்கிறார்," என்றாய்.

நீ அங்கிருந்தபடியே பேர்கனில் இருக்கும் சித்தப்பாவுக்கு அழைத்தாய். அப்பப்பா சாகும்போது வீட்டில் இருந்தவன் அவன்தான். ஒலிபெருக்கியில் போட்டதால் எனக்கும் கேட்டது. நீ ஒரு வைத்தியர் போல ஆறுதலாகக் கேட்டாய். எத்தனை மாதம் வருத்தம், எங்கே நொந்தது, மெலிந்தாரா, இரத்தம் போனதா. தம்பி முதலில் சிரித்து மழுப்பினான். பிறகு அவன் குரல் மாறியது. "ஓமடி பிள்ளை. ரத்தம் போனது. கனநாள் போனது. அம்மாவுக்குச் சொல்லாதை எண்டு என்னட்டைச் சொல்லி வைச்சவர். கிணத்தடியிலை தானே உடுப்புத் தோய்ப்பார். நான் இதுவரைக்கும் ஒருதருக்கும் சொன்னதில்லை." நான் கதவுக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்தேன். இத்தனை வருடமும் ஒரே நாட்டில் இருந்தும் அண்ணனும் தம்பியும் இதைக் கதைத்ததில்லை. நீ அவனிடம், "அப்ப நீங்களும் உங்கட வைத்தியரிட்டைப் போகோணும் சித்தப்பா. இந்தக் கிழமையே," என்றாய். அவன் மறுக்கவில்லை. உன் குரலில் ஏதோ இருந்தது.

மருத்துவமனையில் எனக்குத் துணையாக நின்றது திருநெல்வேலியிலிருந்து வந்த ஒரு தாதி. என் பெயரைப் பார்த்ததும், "ஐயா, நீங்க தமிழா? பயப்படாதீங்க, கொஞ்சம் அழுத்தம் மாதிரி இருக்கும், அவ்ளோதான்," என்றாள். நான் "ஓம், ஓம்," என்றேன். "எங்க ஊர்ல சாமி கும்பிடறப்பதான் ஓம் சொல்லுவோம்," என்று சிரித்தாள். "இப்பவும் அதுக்குத்தான் சொல்லுறன்," என்றேன். திரையில் என் குடல் தெரிந்தது. இளஞ்சிவப்பாக, ஈரமாக, ஒரு நீளமான குகை. ஒரு வளைவில் வைத்தியர் நின்றார். அங்கே காளான் போல ஒன்று முளைத்திருந்தது. அவர் ஒரு மெல்லிய கம்பி வளையத்தை அதன் கழுத்தில் போட்டு இறுக்கினார். எனக்கு ஒன்றும் நோகவில்லை. அது கழன்று வந்தது. இதை ஆய்வுகூடத்துக்கு அனுப்புவோம், அழைத்துச் சொல்வோம் என்றார். திரும்பி ரயிலில் வரும்போது நீ என் கையைப் பிடித்திருந்தாய். சின்னப் பிள்ளையாக இருந்த நாளுக்குப் பிறகு நீ அப்படிப் பிடித்ததில்லை.

மறுமொழி வந்த நேரம் நான் வேலையில் மீன் சூப்புக்கு உருளைக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தேன். வைத்தியர் சுருக்கமாகச் சொன்னார். அந்தக் கட்டியில் உயிர்க்கலங்கள் மாறத் தொடங்கியிருந்தன, ஆனால் புற்றுநோயாகவில்லை. முழுவதும் எடுத்தாகிவிட்டது. சில வருடங்களில் திரும்பவும் வந்து காட்ட வேண்டும். இன்னும் பல வருடங்கள் விட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கலாம். நான் நன்றி சொல்லிவிட்டு, ஏப்ரனோடு பின்கதவால் வெளியே போய்ப் பனிக்குள் நின்றேன். குளிரே தெரியவில்லை. உனக்கு அழைத்தேன். "ஒண்டுமில்லைப் பிள்ளை," என்றேன். "என்னப்பா ஒண்டுமில்லை? ஒளிக்காதேங்கோ, என்ன சொன்னவை எண்டு சொல்லுங்கோ!" என்று நீ கத்தினாய். "உண்மையாவே ஒண்டுமில்லையடி," என்றேன். பிறகு இருவரும் தொலைபேசியில் அழுதோம். எங்கள் தலைமைச் சமையற்காரி வந்து என்னைப் பார்த்துவிட்டு, தன் மேலங்கியை என் தோளில் போட்டுவிட்டுப் போனாள்.

அன்று மாலை நீ வந்து, அம்மாவையும் என்னையும் இருத்தி, ஜெனீவாவுக்கு வருகிறேன் என்று எழுதிவிட்டதாகச் சொன்னாய். வேண்டாம் என்று எழுத இருந்ததை நீ சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. பிறகு சோதனைக்குப் போன சித்தப்பாவின் குடலிலிருந்தும் இரண்டு சின்னக் கட்டிகளை எடுத்திருக்கிறார்கள், இரண்டும் சாதாரணமானவை. அவன் இப்போது கிழமைக்கு ஒரு தரமாவது அழைக்கிறான். முன்பு கால்பந்து பற்றி மட்டும் கதைப்போம். இப்போது எங்கள் அப்பாவைப் பற்றியும் கதைக்கிறோம்.

பிள்ளை, இந்த நாட்களில் நான் யோசித்த ஒன்றைச் சொல்கிறேன். அந்த உறை மேற்கில் உள்ளவனுக்கும் எனக்கும் ஒரே மாதிரித்தான் வந்தது. ஒரே தாள், ஒரே குழாய், யார் வீட்டு இலக்கத்தையும் பார்த்து அனுப்பவில்லை. தபால் பெட்டி வரைக்கும் இந்த நாடு எங்களைச் சமமாகத்தான் நடத்தியது. தபால் பெட்டியிலிருந்து கைக்கு வரும் அந்தச் சின்னத் தூரத்தில்தான் எல்லாம் வந்து குறுக்கே நிற்கிறது: போர், அப்பன் செத்த விதம், வைத்தியரிடம் வாய் திறந்து கேட்டுப் பழகாத பழக்கம், காலை வேலை, மாலை வேலை. அதையெல்லாம் யாராவது வந்து கேட்டால்தான் தெரியும். அதே நேரம், உன் இலக்கங்களை நான் இனி ஒருபோதும் இளக்காரமாகச் சொல்ல மாட்டேன். எங்கோ ஒரு மேசையில் உன்னைப் போன்ற யாரோ, எந்த வயதில் எத்தனை பேர் இந்த வருத்தத்தால் போகிறார்கள் என்று பொறுமையாக எண்ணியிருக்காவிட்டால் அந்த உறை என் வீட்டுக்கு வந்திருக்காது. நீ சிவப்பாகத் தீட்டிய வரைபடத்தில் எனக்குக் கோபம் வந்தது உண்மை. இப்போது அதைப் பார்க்கும்போது, ஒரு வைத்தியர் விரலால் அமத்தி, இங்கே நோகிறதா என்று கேட்பது போல இருக்கிறது.

அங்கே உனக்கு முன்னால் பெரிய பெரிய நாடுகளின் இலக்கங்கள் வந்து விழும். உன்னை விடப் படித்தவர்கள், உன்னை விட வேகமாகக் கதைப்பவர்கள் இருப்பார்கள். அம்மா அன்றைக்கு மேசையில் கேட்டது போன்ற கேள்வியைக் கேட்க உனக்குக் கூச்சம் வரலாம். கேள். நன்றாகச் சாப்பிடு. தனியாக இருக்கும்போது வருத்தம் வந்தால் எங்களுக்கு ஒளிக்காதே. நாங்கள் ஒளித்தால் நீ எப்படிக் கத்தினாயோ, அதே மாதிரி நானும் கத்துவேன்.

கடைசியாக ஒன்று. போன சனிக்கிழமை நம் தமிழ்ச் சங்க மண்டபத்தில் ஒரு பிறந்தநாள் விருந்து. நீ வரவில்லை, அதனால் உனக்குத் தெரியாது. ஆண்கள் எல்லோரும் வழக்கம் போல ஒரு மேசையில் கூடி, வீட்டு விலையும் ஊர் அரசியலும் கதைத்துக்கொண்டிருந்தோம். எனக்கு என்ன வந்ததோ தெரியாது, "உங்கள் எல்லாருக்கும் உந்தக் குடல் சோதனை உறை வந்ததோ?" என்று கேட்டுவிட்டேன். மேசை கொல்லென்று சிரித்தது. ஒருவன், சாப்பாட்டு நேரம் கதைக்கிற கதையைப் பார் என்றான். நான் விடவில்லை. இரத்தம் வந்தது, கட்டி எடுத்தது, என் அப்பன் செத்தது எல்லாவற்றையும் சொன்னேன். சிரிப்பு மெல்ல மெல்ல நின்றது. பிறகு கதை வேறு பக்கம் போய்விட்டது. நான் வீணாக வாயைத் திறந்தேனோ என்று நினைத்தேன். விருந்து முடிந்து கார் தரிப்பிடத்துக்குப் போகும்போது பின்னால் யாரோ ஓடி வந்தார்கள். யோகன். நாங்கள் மீன் தொழிற்சாலையில் ஒன்றாக வேலை செய்த காலத்திலிருந்து எனக்குத் தெரிந்தவன், எதற்கும் அசையாதவன், மேசையில் எல்லோரையும் விடப் பலமாகச் சிரித்தவன். பக்கத்தில் ஒருவரும் இல்லை என்று பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்திக் கேட்டான்.

"அண்ணை, என்ரை உறை ஒரு வருசமாக் கிடக்குது. காலம் கடந்திட்டுதோ?"

"இல்லையடா," என்றேன். "நாளைக்கே அவைக்கு அழைச்சுப் புதுசு ஒண்டு கேள். நான் பக்கத்திலை இருந்து கதைச்சுத் தாறன்."

ஞாயிறு எல்லாம் பூட்டு என்று இருவருக்கும் அப்போது நினைவு வரவில்லை. திங்கட்கிழமை காலையில், எட்டு மணி அடிக்க முன்னரே, அவன் வந்து எங்கள் வீட்டு மணியை அடித்தான்.

சுகமாகப் போய்ச் சேர், பிள்ளை. உன் வேலை நல்ல வேலை.

அன்புடன்,
அப்பா